ஷட்டர் இல்லாத ஆறு

ஆம்பூர்ல இருந்து வர்றேன்னு ஹாஸ்டல்ல சொன்னா முதல் கேள்வி பிரியாணி பத்தி வரும். அடுத்தது, "ஃபேக்டரி விலைக்கு ஷூ வாங்கித் தருவியா மச்சி?" பாலாறு பத்தி இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல. அவங்க மேல தப்பும் இல்ல. வருஷத்துல பெரும்பகுதி அங்க இருக்கிறது மணல், சீமைக்கருவேலம், அங்கங்க கறுப்பா தேங்கி நிக்கிற கழிவுத் தண்ணி. நாங்க கிரிக்கெட் கத்துக்கிட்டதே ஆத்துக்குள்ளதான்.

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை. வங்கக்கடல்ல காற்றழுத்த தாழ்வு மண்டலம், மழை விடவே இல்ல. ராத்திரி எட்டு மணி வாக்குல குப்பம் பக்கத்துல இருக்கிற மாமா கிட்ட இருந்து அப்பாவுக்கு போன். "இங்க ஏரி எல்லாம் கோடி போவுது. செக் டேம் மேல ஆளுயரத்துக்கு தண்ணி தாண்டுது. ஆயாவ மொதல்ல அந்த வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்துடு."

ஆயா வீடு ஆத்தோரத் தெருவுல. ஆயா வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். "இந்த ஆத்துல தண்ணி வந்து எத்தினி வருஷம் ஆச்சு, என்னைய ஏண்டா இழுக்கிற" ன்னு திட்டிக்கிட்டே பைக்ல ஏறினாங்க. விடிகாலை நாலு மணிக்கு அவங்க வாசல்ல தண்ணி ஏறிடுச்சு. மைக் கட்டின ஆட்டோ "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" னு சொல்லிக்கிட்டு வந்தப்போ தெருவுல முழங்கால் அளவு.

அதே விடிகாலை, 19-ம் தேதி, பக்கத்து பேரணாம்பட்டுல மழைக்கு வீடு இடிஞ்சு விழுந்து 9 பேர் இறந்துட்டாங்க. அதுல 4 குழந்தைங்க. மாதனூர்ல இருந்து குடியாத்தம் போற ரோட்டுல பாலாத்து தரைப்பாலம் அடிச்சிக்கிட்டு போச்சு.

சிவில் சேர்ந்த பிறகு, ஹைட்ராலஜி கிளாஸ்ல உட்கார்ந்தப்போதான் அந்த ராத்திரி எனக்கு வேற மாதிரி தெரிஞ்சது. எட்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் எட்டு மணி நேரம். எங்க வீட்டுக்கு அந்த எட்டு மணி நேரம் கிடைச்சதுக்கு ஒரே காரணம், ஆந்திரால எங்களுக்கு ஒரு மாமா இருந்தார். மாமா இல்லாத வீடுங்க என்ன பண்ணும்?

முதல்ல ஆத்தோட அமைப்பைப் பாத்துடுவோம். கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பிறக்கிற பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுது. அதுல கர்நாடகாவுல 93, ஆந்திராவுல 33, மீதி 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுல. புல்லூர் கிட்ட நம்ம எல்லைக்குள்ள நுழைஞ்சு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் வழியா போய் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடல்ல சேருது. மெயின் ஆறு மட்டும் இல்ல. பேரணாம்பட்டுப் பக்கம் மலட்டாறு, குடியாத்தத்துக்கு வர்ற கவுண்டன்யா, திருவலம் பக்கம் சேர்ற பொன்னை, இது எல்லாமே ஆந்திரா மலைகள்ல இருந்துதான் இறங்குது. அதனால நம்ம ஊருல ஒரு சொட்டு மழை இல்லாட்டியும் வெள்ளம் வரலாம். வானத்தைப் பாத்து இந்த ஆத்தைக் கணிக்க முடியாது.

இது புதுசும் இல்ல. வாணியம்பாடியில ஒரு நினைவுத்தூண் இருக்கு. 1903 நவம்பர் 12-ம் தேதி வந்த வெள்ளத்துல செத்துப்போன சுமார் 200 பேருக்காக வெச்சது. அன்னிக்கு மைசூர் சமஸ்தானத்துல, பேத்தமங்கலம் பக்கம், ஏரிகள் உடைஞ்சதுதான் காரணம். ஏரிச் சங்கிலியில ஒரு கரை உடைஞ்சா அந்தத் தண்ணி அப்படியே அடுத்த ஏரி மேல போய் விழும். அந்த ஏரி தன்னோட சொந்த நீர்ப்பிடிப்புக்குத்தான் கட்டினது. மேல இருக்கிறதோட மொத்தத் தண்ணியையும் ஒரே நேரத்துல தாங்கறதுக்கு இல்ல. அதுவும் உடையும். அப்படியே படிப்படியா பெருசாகி, வேற ஒரு அரசாங்கத்தோட ஊருக்குள்ள வந்து நிக்கும். மேல மைசூர், கீழ மெட்ராஸ் மாகாணம்.

இதுல வேதனை என்னன்னா, அதுக்கு 11 வருஷம் முன்னாடியே, 1892-ல, மைசூருக்கும் மெட்ராசுக்கும் பாலாறு உட்பட பல ஆறுகளுக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. சென்னை மாகாணத்தோட சம்மதம் இல்லாம மேல புதுசா அணை கட்டக்கூடாதுன்னு எழுதினாங்க. அதாவது, தண்ணி வராமப் போயிடுமோன்னு கவலைப்பட்டு எழுதின காகிதம் அது. தண்ணி அதிகமா வந்தா யார் யாருக்குச் சொல்லணும்? அந்தக் கேள்விக்கு அங்க இடமே இல்ல.

இன்னிக்கும் நம்ம சண்டை அந்த ரூட்லதான் போகுது. 2006-ல குப்பம் பக்கம் கணேசபுரத்துல ஆந்திரா அணை கட்டப்போகுதுன்னு தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போச்சு. 2016-ல புல்லூர் தடுப்பணையை 5 அடியில இருந்து 12 அடியா உயர்த்தினப்போ மறுபடியும் வழக்கு. அந்த வழக்கெல்லாம் தேவையில்லன்னு நான் சொல்லவரல. போர்வெல் 800 அடி போயும் காத்து வர்ற ஊர்க்காரன் எப்படிச் சொல்லுவான்? ஆனா வருஷத்துல முன்னூத்தி சொச்சம் நாள் தண்ணி வராத ஆத்துக்காக சண்டை போட்டுப் போட்டு, வர்ற அந்த ரெண்டு நாளை எல்லாரும் மறந்துட்டோம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். காவிரியில மழைக்காலத்துல கவனிச்சிருப்பீங்க. கிருஷ்ணராஜ சாகர்ல எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்காங்க, கபினியில எவ்வளவு, பிலிகுண்டுலுல எவ்வளவு வருதுன்னு டிவியில ஓடிக்கிட்டே இருக்கும். ஒகேனக்கல்ல பரிசல் நிறுத்துறது அதை வெச்சுத்தான். பிலிகுண்டுலுல மத்திய நீர் ஆணையம் அளக்குது. 2018-ல இருந்து காவிரி மேலாண்மை ஆணையம் வேற இருக்கு. சென்னைக்கு வர்ற கிருஷ்ணா தண்ணி இன்னொரு உதாரணம். கண்டலேறுல திறந்தா, ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்ட்ல எத்தனை கன அடி வந்துச்சுன்னு தினமும் கணக்கு. எல்லை தாண்டி நம்பர் பகிர்ந்துக்கிறது நம்ம மாநிலங்களுக்குத் தெரியாத வித்தை இல்ல. பங்கு பிரிக்கணும்னா தினமும் அளப்பாங்க, அந்த அளவு வெள்ளக் காலத்துல எச்சரிக்கையாவும் உதவிடும்.

பொன்னை ஆத்துலயும் ஓரளவுக்கு இது நடக்குது. சித்தூர் மாவட்டத்துல கலவகுண்டா அணை நிரம்பி மதகு திறக்கும்போது இந்தப் பக்கம் தகவல் வரும், கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். ஏன்னா அங்க ஷட்டர் இருக்கு. ஷட்டர் இருந்தா அதைத் திறக்க ஒரு இன்ஜினியர் இருப்பார். அவருக்கு ஒரு ஆர்டர், ஒரு ரிஜிஸ்டர், ஒரு போன் நம்பர் இருக்கும்.

பாலாத்து மெயின் ஓட்டத்துல, எல்லைக்கு மேல இருக்கிறது பெரும்பாலும் தடுப்பணையும் ஏரியும். தடுப்பணை நிரம்பினா தானா மேல வழியும். ஏரி நிரம்பினா கலங்கல் வழியா தானா கோடி போகும். யாரும் எதையும் திறக்கல. திறக்காததால தகவல் சொல்ல வேண்டிய ஆளும் இல்ல. நம்ம நாட்டு வெள்ள எச்சரிக்கைப் பழக்கம் பெரும்பாலும் மதகைச் சுத்தியே வளர்ந்திருக்கு: "அணை திறக்கப்படுகிறது, உஷார்." மதகே இல்லாத ஆத்துக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது.

சட்டமும் இதே மாதிரிதான். அணை பாதுகாப்புச் சட்டம், 2021 வந்தது நல்ல விஷயம். அவசரகாலத் திட்டம் வேணும், மழை அளவீட்டு நிலையம் வேணும்னு சொல்லுது. ஆனா அது 15 மீட்டருக்கு மேல உயரமான அணைகளுக்கு. 10-ல இருந்து 15 மீட்டர் வரைக்கும் சில நிபந்தனைகளோட. 12 அடி தடுப்பணை அந்த வலையில மாட்டாது. 1903-ல ஊரை அழிச்ச மாதிரி ஏரிகள்லயும் பல மாட்டாது.

சரி, ஒரு சின்ன கணக்கு. இன்டர்னல்ஸ்க்கும் உதவும். 100 சதுர கிலோமீட்டர் மலைப்பகுதியில 100 மில்லிமீட்டர் மழைன்னு வைங்க. 1 சதுர கிலோமீட்டர்ல 1 மில்லிமீட்டர் பெஞ்சா 1,000 கன மீட்டர். அப்போ மொத்தம் 1 கோடி கன மீட்டர். ஏற்கெனவே நனைஞ்ச மண்ணு, பாதி ஓடி வருதுன்னு வெச்சாலும் 50 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 176 மில்லியன் கன அடி. மோர்தானா அணையோட மொத்தக் கொள்ளளவே 261 மில்லியன் கன அடிதான். அந்த 50 லட்சமும் ஆறு மணி நேரத்துல இறங்கினா சராசரி ஓட்டம் விநாடிக்கு 8,000 கன அடிக்கு மேல. வெறும் 100 சதுர கிலோமீட்டருக்கே இவ்வளவு! பாலாத்து வடிநிலத்துல இது ஒரு மூலை.

இப்போ நேரம். தண்ணி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துல ஓடுதுன்னா மணிக்கு 7.2 கிலோமீட்டர். ஆந்திராவுக்குள்ள இருக்கிற 33 கிலோமீட்டரைக் கடக்க நாலரை மணி நேரம் ஆகும்னு தோணும். இங்கதான் நாங்க எல்லாரும் ஏமாந்தோம். வெள்ள அலை, தண்ணியோட வேகத்துல போறதில்ல. அதைவிட வேகமா போகும். அகலமான ஆத்துக்கு மேனிங் சமன்பாட்டுல இருந்து வர்ற விடை 5/3 மடங்கு. அப்போ மணிக்கு 12 கிலோமீட்டர், மூணு மணி நேரத்துக்கும் குறைவு. நிஜத்துல காஞ்ச மணல் முதல் தண்ணியைக் குடிச்சிடும், மணல் அள்ளின பள்ளங்கள் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதனால நேரம் கூடக் குறைய ஆகும். ஆனா மேலதிகாரிக்கு லெட்டர், அங்கிருந்து தலைமைச் செயலகம், அங்கிருந்து இன்னொரு தலைமைச் செயலகம், அங்கிருந்து கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ.ன்னு போறதுக்கு மூணு மணி நேரம் பத்தாது. மாமா நேரா போட்ட போனுக்கு மட்டும்தான் பத்தும்.

தோல் தொழில் இருக்கிறதால நமக்கு ஆபத்து ரெட்டிப்பு. தோல் மண்டியில உப்பு போட்டு அடுக்கி வெச்சிருக்கிற பச்சைத் தோல்ல தண்ணி பூந்தா, உப்பு கரைஞ்சு ஆத்துக்கும் கிணத்துக்கும் போயிடும், தோல் அழுகிடும். சுத்திகரிப்பு நிலையத்துல தொட்டி விளிம்பு வரைக்கும் கழிவு இருந்தா, மேல விழற மழையே அதை வழிய வெக்கும். தொட்டிச் சுவர் பலவீனமா இருந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்; 2015 ஜனவரி 31-ல ராணிப்பேட்டையில கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு 10 தொழிலாளர்கள் சேத்துல மூழ்கி செத்தாங்க. அது மழை நாளே இல்ல. இன்னொரு பக்கம், வெள்ளம் வந்தாச்சு, யாருக்குத் தெரியப்போகுதுன்னு ராத்திரியோட ராத்திரியா கழிவைத் திறந்து விடுற வேலையும் நடக்குது. மாராபட்டு பாலத்துக்குக் கீழ ஆறு நுரை தள்ளிக்கிட்டு ஓடுற போட்டோ மழைக்கு மழை பேப்பர்ல வருதே. இந்த இடத்துல நாம மேல இருக்கிறவங்க. ஆம்பூர் நுரை, வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் போற தண்ணி.

வெள்ளத்தையும் கெமிக்கலையும் சேர்த்து யோசிச்ச ஒரு ஆறு உண்டு, ரைன். 1986 நவம்பர் 1-ம் தேதி சுவிட்சர்லாந்துல பாசல் பக்கம் சாண்டோஸ் கம்பெனி கெமிக்கல் கிடங்குல தீப்பிடிச்சது. தீயை அணைக்கப் பாய்ச்சின தண்ணி பூச்சிமருந்தை டன் கணக்குல ஆத்துல இறக்கிடுச்சு. தண்ணி செவப்பாயிடுச்சு, விலாங்கு மீன் கூட்டம் கூட்டமா செத்து மிதந்தது. கீழ இருந்த நாடுகளுக்கு ஒழுங்கா தகவல் போகலன்னு பெரிய கொதிப்பு. ரைனுக்கு 1950-ல இருந்தே சர்வதேச ஆணையம் இருந்துச்சு. இதுக்கு அப்புறம்தான் அது வேகம் எடுத்தது. ஆத்து நெடுக எச்சரிக்கை மையங்கள், யார் யாருக்குச் சொல்லணும்னு எழுதின திட்டம். பிறகு 1993-லயும் 1995-லயும் பெரிய வெள்ளம்; 1995-ல நெதர்லாந்துல மட்டும் சுமார் 2,50,000 பேரை வெளியேத்தினாங்க. 1998-ல வெள்ளச் செயல்திட்டம் போட்டப்போ அதுல ஒரு இலக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது: 2005-க்குள்ள முன்னறிவிப்பு நேரத்தை ரெண்டு மடங்காக்கணும். சிமென்ட்டை அளக்காம மணி நேரத்தை அளந்தாங்க.

அவங்க பணக்கார நாடுங்க, நமக்கு எப்படின்னு கேப்பீங்க. நம்ம கிட்டயும் வழி இருக்கு, 1956-ல இருந்தே. அந்த ஒரே வருஷத்துல பார்லிமென்ட் ரெண்டு சட்டம் போட்டுச்சு. ஒண்ணு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சட்டம். இன்னொண்ணு நதி வாரியச் சட்டம். ஒரு ஆத்தைப் பகிர்ற மாநிலங்களுக்கு வெள்ளக் கட்டுப்பாடு உட்பட சேர்ந்து யோசனை சொல்ல ஒரு வாரியம் அமைக்கிறதுக்கு. முதல் சட்டத்துல காவிரி, கிருஷ்ணா, நர்மதான்னு வரிசையா தீர்ப்பாயம் வந்தாச்சு. ரெண்டாவது சட்டத்துல இதுவரைக்கும் ஒரு வாரியம் கூட அமைக்கல.

நாம மட்டும் பாவப்பட்ட கீழ்க்கரைக்காரங்கன்னும் நினைச்சுக்க வேண்டாம். 2021-ல, எங்க ஆயா வீட்டுக்குள்ள தண்ணி வந்து ரெண்டு வாரம் கூட ஆகல, டிசம்பர்ல முல்லைப்பெரியாறு ஷட்டர் பிரச்சனை. அணை கேரளாவுல இருக்கு, இயக்குறது தமிழ்நாடு. ராத்திரியில, போதுமான முன்னறிவிப்பு இல்லாம தண்ணி திறக்கிறாங்க, கீழ வள்ளக்கடவுல வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சுன்னு கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் நம்ம முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியைப் படிச்சப்போ நான் மீம் போட்டுச் சிரிச்சேன்னு ஒத்துக்கிறேன். வள்ளக்கடவுலயும் யாருக்கோ ஆத்தோரத்துல ஒரு ஆயா இருந்திருப்பாங்க.

பாலாத்துக்கு வேண்டியது ரொம்பப் பெருசு இல்ல. மதகு திறந்தா சொல்றதுங்கிற பழக்கத்தை, மட்டம் ஏறினா சொல்றதுன்னு மாத்தணும். பேத்தமங்கலம் ஏரியோட கலங்கல்ல ஒண்ணு, குப்பம் பக்கம் ஒரு தடுப்பணையில ஒண்ணு, புல்லூர்ல ஒண்ணு. மூணு இடத்துல மட்டம் அளக்கிற கருவி, மூணு மாவட்டத்துக்கும் ஒரே நேரத்துல போற மெசேஜ்: கோலார், சித்தூர், திருப்பத்தூர். அதுல நாலு விஷயம் இருந்தா போதும். எந்த இடம், இப்போ எத்தனை அடி, ஒரு மணி நேரத்துல எத்தனை அடி ஏறியிருக்கு, உங்க ஊருக்கு எத்தனை மணிக்கு. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணுலயும். "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" னு மட்டும் சொன்னா எங்க ஆயா மாதிரி ஆளுங்க நகர மாட்டாங்க. "நாலு மணிக்கு உன் வாசல்ல" ன்னு சொன்னா யோசிப்பாங்க. கூடவே, மெசேஜ் வந்த நிமிஷத்துல தோல் மண்டி எதைத் தூக்கி மேல வெக்கணும், சுத்திகரிப்பு நிலையம் எந்த வால்வை மூடணும்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கணும்.

அல்ட்ராசோனிக் சென்சார் வெச்சு இதை மினி ப்ராஜெக்ட்டா பண்றோம்னு எங்க கிளாஸ்லயே ரெண்டு டீம் கிளம்பிச்சு. சென்சார் வேலை செஞ்சுது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதை மாட்டுறதுக்கு யார் கிட்ட அனுமதி கேக்கணும்னு மட்டும் யாருக்கும் தெரியல. ரிவ்யூல நல்ல மார்க் வந்துச்சு, இப்போ அது லேப் அலமாரியில இருக்கு.

மாமா அதுக்குள்ள தன் வழியில ஒண்ணு பண்ணிட்டார். தன் நிலத்துக்குப் பக்கத்துல இருக்கிற தடுப்பணை ஓரச் சுவர்ல அடிக்கு ஒரு கோடுன்னு செவப்பு பெயிண்ட் அடிச்சார். மழை நாள்ல மணிக்கு ஒருதரம் டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவார். ஆரம்பத்துல எங்க வீட்டாளுங்க மட்டும் 6 பேர் இருந்தோம். இப்போ ஆத்தோரத் தெருவுல இருந்து 43 பேர் இருக்காங்க, ரெண்டு மண்டி வாட்ச்மேனும் சேர்ந்திருக்காங்க. போன மழையில ஒரு ராத்திரி மூணாவது கோடு நனைஞ்ச போட்டோ வந்துச்சு. நான் ஆயாவுக்கு போன் போட்டப்போ எடுக்கல. பத்து நிமிஷம் கழிச்சு அவங்களே எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, கையில ரேஷன் கார்டு கவரும் மாத்திரை டப்பாவும்.